கடலூரில் உட்கார்ந்தபடி கேமுக்குப் படம் வரைய வருகிறவர்களுக்கு

எனக்குக் கிடைத்த முதல் கேம் வேலை ஒரு காசு. ஓடிக்கொண்டே பொறுக்குவோமே, அந்தத் தங்கக் காசு. மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தேன். விளிம்பில் தேய்மானம், நடுவில் புலி, உற்றுப் பார்த்தால் புலியின் மீசைகூடத் தெரியும். அனுப்பிய அன்றே பதில் வந்துவிட்டது: "அருமை. ஆனால் கேமில் இது 32 பிக்சல்தான்." சுருக்கிப் பார்த்தேன். கடித்துத் துப்பிய பிஸ்கட் மாதிரி இருந்தது. மறுபடி வரைய இருபது நிமிடம் ஆனது. ஒரு வட்டம், கருத்த விளிம்பு, மேலே இடது பக்கம் ஒரு வெள்ளைக் கீற்று. அந்தக் காசைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

கேமுக்கு வரைகிறவர் ஓவியரைவிட ஆசாரிக்குத்தான் கிட்டத்துச் சொந்தம். நாற்காலியில் எவ்வளவு வேண்டுமானாலும் பூவேலை செய்யலாம், உட்கார்ந்தால் ஆடக்கூடாது.

நான் திருப்பாதிரிப்புலியூரில் வீட்டு மாடி அறையில் இருந்துகொண்டு ஒன்பது வருடமாக இந்த வேலை செய்கிறேன். பாதி குழந்தைகள் புத்தகப் படங்கள், பாதி கேம். கல்லூரிப் பிள்ளைகள் வந்து, "அண்ணா, இதுல நெஜமா காசு வருமா?" என்று கேட்கிறார்கள். வரும், மெதுவாக வரும். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

எந்த வேலை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"கேம் ஆர்ட்டிஸ்ட்" என்பது ஒரே வேலையின் பெயர் இல்லை. கதாபாத்திரத்தை யோசித்து வரைகிறவர் ஒருவர். பின்னணி வரைகிறவர் இன்னொருவர். ஐகான், பட்டன் என்று திரையில் தொடுகிற பொருள்களை வரைகிறவர், நடக்க ஓட வைக்கிறவர், முப்பரிமாணத்தில் செதுக்குகிறவர், கேம் கடையில் தெரியும் அட்டைப்படத்தை வரைகிறவர் என்று ஆள் ஆளுக்கு வேலை தனி. சின்னக் குழுக்களில் ஒருவரே இதில் மூன்றைச் செய்வார்.

புதிதாக வருகிற எல்லோரும் வாளேந்திய வீரனை வரைந்துகொண்டு வருகிறார்கள். அந்த வரிசையில் உலகமே நிற்கிறது. ஐகான், பொருள்கள், பின்னணி இவற்றில் தொடங்குங்கள் என்பது என் அபிப்பிராயம். சின்ன வேலை, சீக்கிரம் முடியும், தவறினால் நஷ்டம் குறைவு. ஒரு கேமுக்கு வீரன் ஒருவன் போதும், ஆனால் குடம், பெட்டி, சாவி, மூலிகை என்று இருநூறு பொருள் வேண்டும்.

புத்தகப் படம் வேறு கணக்கு. அச்சுக்கு 300 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி, பக்கத்தைச் சுற்றி வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் கூடுதல். திரையில் பளிச்சென்று இருக்கும் நீலமும் பச்சையும் அச்சு மையில் மங்கிவிடும், அதை முன்கூட்டியே எதிர்பார்த்து வண்ணம் வைக்க வேண்டும். கேம் வேலை இல்லாத மாதங்களில் எனக்குச் சோறு போட்டது இதுதான், விட்டுவிடாதீர்கள்.

கருவிகள்

ஐபேட் இல்லையே என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். திரை இல்லாத சின்ன பென் டேப்லெட் சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கிறது. கை ஒரு இடத்தில், கண் ஒரு இடத்தில் என்பது முதல் இரண்டு வாரம் எரிச்சலாக இருக்கும், பிறகு பழகிவிடும். வரைவதற்கு க்ரீட்டா, முப்பரிமாணத்துக்கு ப்ளெண்டர், கேமுக்குள் போட்டுப் பார்க்க கோடோ. மூன்றும் இலவச மென்பொருள், மூன்றிலும் காசுக்கு வேலை செய்யலாம். கேட்கிற கிளையன்ட் வந்த பிறகு ஃபோட்டோஷாப்புக்கு மாதச் சந்தா கட்டினால் போதும். திருட்டு மென்பொருள் வேண்டாம். புத்தி சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அதோடு சேர்ந்து வரும் வைரஸ் ஒருநாள் மொத்த ஃபைலையும் தின்றுவிடும்.

நம் ஊருக்கென்று இரண்டு செலவு உண்டு. ஒன்று இன்வெர்ட்டர். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்தபோது எங்கள் தெருவில் கரன்ட் வரப் பல நாள் ஆனது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நான் யாருக்கும் இறுக்கமான தேதி கொடுப்பதில்லை, கொடுத்தாலும் நான்கு நாள் கூட்டித்தான் சொல்வேன். இன்னொன்று உப்புக்காற்று. தேவனாம்பட்டினத்தில் கடலைப் பார்த்த வீட்டில் இருக்கும் நண்பருக்கு யூஎஸ்பி துளைகள் பச்சை பூத்துப் போய்விட்டன. டேப்லெட்டை வேலை முடிந்ததும் துணி போட்டு மூடுங்கள். ஃபைல்களை இரண்டு இடத்தில் வையுங்கள், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கட்டும்.

ஊரையே வரையுங்கள்

பட்டப்படிப்பு வேண்டும் என்றால் புதுச்சேரி பக்கம் அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது, நுண்கலை படிக்கலாம். படிக்காமலும் வரலாம். எப்படி வந்தாலும் உடற்கூறு, தொலைவுக் கோணம் (பெர்ஸ்பெக்டிவ்), வெளிச்சம்-நிழல் மூன்றையும் கை கற்றுக்கொண்டுதான் ஆகவேண்டும். வண்ணம் அதற்குப் பிறகு.

புதுச்சேரிப் பிள்ளைகளின் ஸ்கெட்ச் புத்தகத்தைத் திறந்தால் மஞ்சள் சுவர், காகிதப்பூ, சைக்கிள். சுற்றுலாக்காரர் எடுக்கும் ஃபோட்டோவை நாமும் ஏன் வரைய வேண்டும்? அதே ஊரில் வைசியாள் வீதிப் பக்கம் போனால் திண்ணை, தாழ்வாரம், மரத்தூண், முற்றம் என்று தமிழ் வீட்டின் முழு அமைப்பும் கிடைக்கும். பின்னணி வரைகிறவருக்கு அது பாடப்புத்தகம். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தைக்குப் போங்கள். செருப்பு, பித்தளை, பழைய சுவிட்ச், துணி மூட்டை. நூறு பொருள் வரைந்து முடிப்பதற்குள் மதியம் ஆகிவிடும். வீராம்பட்டினம் ஆடித் தேரில் சக்கரமும் வடமும் எப்படி இணைகின்றன என்று ஒருமுறை கிட்ட நின்று பார்த்தவர், இணையத்தில் படம் தேடி வரைகிறவரைவிட நன்றாகவே ஒரு கற்பனை வண்டியை வரைவார்.

எனக்குப் பிடித்த இடம் கடலூர் முதுநகர் துறைமுகம். காலை ஆறரை மணிக்குப் போய் ஒரு படகை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். படகை வரைய வேண்டாம், படகில் இருப்பதை வரையுங்கள். வலை, மிதவை, ஐஸ் பெட்டி, நங்கூரம், மண்ணெண்ணெய் கேன், ஓட்டை வாளி, நண்டுக் கூடை, யாரோ கழற்றி வைத்த சட்டை. இது ஒரு "செட்". கிளையன்ட் காசு கொடுப்பது இப்படிப்பட்ட செட்டுக்குத்தான்.

பத்துப் பொருள் பயிற்சி

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். மேலே சொன்ன படகிலிருந்து பத்துப் பொருள் எடுத்துக்கொண்டு, ஒரே கேமிலிருந்து வந்தவைபோலச் செய்யுங்கள். விதிகளை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். வெளிச்சம் மேலே இடப்பக்கமிருந்து. வெளிக்கோடு 4 பிக்சல். மொத்தம் பன்னிரண்டு நிறம், அதற்கு மேல் இல்லை. எல்லாம் ஒரே கோணத்தில். ஏழாவது பொருள் வரையும்போது மனம் விதியை மீறச் சொல்லும், அங்கேதான் பயிற்சியே தொடங்குகிறது. நான் முதன்முதலில் செய்தபோது கேனின் நிழல் வலப்பக்கம், கூடையின் நிழல் இடப்பக்கம். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நல்ல படம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு சூரியன் இருக்கிற ஊர்.

அப்புறம் அளவு. கேம்களில் பொருள்களை அடுக்கி வைக்கும் படத்தாளின் அளவு பெரும்பாலும் 256, 512, 1024, 2048 பிக்சல் என்று இரட்டித்துக்கொண்டே போகும். கிராஃபிக்ஸ் சிப்பின் சுருக்கும் முறைக்கு அந்த அளவுகள்தான் தோது. ஃபைல் 300 கேபிதானே என்று ஏமாந்துவிடாதீர்கள். பிஎன்ஜி ஃபைல் வட்டில்தான் சுருங்கி இருக்கும், கேமுக்குள் விரிந்துவிடும். சிப்பின் முறையில் சுருக்காவிட்டால் ஒரு பிக்சலுக்கு 4 பைட். 2048-க்கு 2048 என்றால் 16 எம்பி. 4096-க்கு 4096 என்றால் 64 எம்பி. குறைந்த விலை ஃபோனில் ஓடவேண்டிய கேமுக்கு நாலு பெரிய தாள் கொடுத்தால் புரோகிராமர் உங்கள் பெயரைச் சொல்லித் திட்டுவார்.

பத்தையும் ஒரே தாளில் அடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் நடுவே குறைந்தது 2 பிக்சல் இடைவெளி விடுங்கள். விடாவிட்டால் ஐஸ் பெட்டியின் ஓரத்தில் கூடையின் பழுப்பு நிறம் ஒரு கோடாகக் கசியும். தரை, சுவர், தண்ணீர் என்று திரும்பத் திரும்ப வரும் கட்டங்களுக்கு க்ரீட்டாவில் டபிள்யூ விசையைத் தட்டினால் படம் நாலா பக்கமும் தொடர்ந்து தெரியும், ஒட்டு எங்கே உடைகிறது என்று அங்கேயே திருத்தலாம். ஃபைல் பெயரில் "ஃபைனல்", "புது ஃபைனல்", "கடைசி ஃபைனல்" எல்லாம் வேண்டாம். பொருள், நிலை, எண். அவ்வளவுதான்.

கடைசியாக கோடோவைத் திறந்து பத்தையும் உள்ளே போட்டு, ஒரு சின்ன ஆள் பக்கத்தில் நடந்துபோவதுபோல வையுங்கள். புரோகிராமிங் தெரியாவிட்டாலும் இணையத்துப் பாடங்களை வைத்து இரண்டு நாளில் செய்துவிடலாம். வாளி ஆளைவிடப் பெரிதாக இருப்பது அப்போதுதான் தெரியும்.

தமிழில் வரும் கேமுக்கு பட்டன் வரைகிறவர்களுக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் நாலெழுத்துக்கு அளந்து செய்த பட்டனில் "விளையாடு" அடங்காது, "அமைப்புகள்" நிச்சயம் அடங்காது. அகலத்தைத் தாராளமாக விடுங்கள். சில கேம் மென்பொருள்களில் கொம்பும் காலும் பிரிந்து எழுத்து உடைந்து தெரியும். கோடோ 4-இல் அந்தப் பிரச்சினை இல்லை, மற்றவற்றில் முன்கூட்டியே சோதித்துப் பாருங்கள்.

கேம் ஜாம்

அனுபவம் இல்லாமல் வேலை கிடைக்காது, வேலை கிடைக்காமல் அனுபவம் வராது என்ற முடிச்சை அவிழ்க்க கேம் ஜாம்தான் வழி. 48 மணி நேரத்திலோ ஒரு வாரத்திலோ முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து ஒரு குட்டி கேம் செய்து முடிப்பது. லூடம் டேர் 2002-இலிருந்து நடக்கிறது, குளோபல் கேம் ஜாம் 2009-இலிருந்து. சின்ன கேம்களை வெளியிடும் இட்ச் தளத்தில் வருடம் முழுக்க ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். நுழைவுக் கட்டணம் இல்லாதவையே நிறைய. "நான் படம் வரைவேன், புரோகிராமர் வேண்டும்" என்று இரண்டு வரி எழுதிப் போட்டால் ஆள் வந்துவிடும், ஓவியர்களுக்கு அங்கே எப்போதும் தட்டுப்பாடு.

என் முதல் ஜாமில் போலந்துக்காரர் ஒருவர். இரவு இரண்டு மணிக்கு, "உன் ஆள் நடக்கும்போது நடுங்குகிறான்" என்று செய்தி அனுப்பினார். பார்த்தால் நடைக்காக வரைந்த எட்டுப் படங்களிலும் கால் ஊன்றும் புள்ளி ஒன்றிரண்டு பிக்சல் இடம் மாறியிருந்தது. யாரும் வகுப்பில் சொல்லிக்கொடுத்திராத விஷயம். அந்த மனிதர்தான் ஒன்றரை வருடம் கழித்து எனக்கு முதல் வெளிநாட்டு வேலை கொடுத்தார்.

வருடத்துக்கு மூன்று ஜாம் போதும். அதற்கு மேல் போனால் தூக்கம்தான் கெடும்.

போர்ட்ஃபோலியோ

வேலை கேட்கும்போது காட்டும் தொகுப்புதான் போர்ட்ஃபோலியோ. பத்துப் படம் போதும், பன்னிரண்டு அதிகபட்சம். பார்க்கிறவர் உங்களை உங்கள் மோசமான படத்தை வைத்துத்தான் எடைபோடுவார், சந்தேகம் வருவதை எடுத்துவிடுங்கள். ஆர்ட்ஸ்டேஷன், பிஹான்ஸ் மாதிரி தளங்களில் போடலாம். சினிமா நடிகர் முகம், புகழ்பெற்ற கேமின் வீரன் இதெல்லாம் கைத்தட்டல் வாங்கித் தரும், வேலை வாங்கித் தராது. அந்தப் படகுச் செட், ஜாமில் செய்த கேம் ஓடுகிற முப்பது நொடி வீடியோ, ஒரே இடம் காலையிலும் இரவிலும் மழையிலும். இந்த மூன்றும் இருந்தால் கிளையன்ட் கேள்வி கேட்காமல் விலை பேச வந்துவிடுவார். ஸ்கெட்சிலிருந்து முடிவு வரை லேயர் லேயராக, அதாவது அடுக்கு அடுக்காக வைத்திருங்கள். கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் 2024 ஜனவரியிலிருந்து ஏஐ பயன்படுத்தியதைக் கேம் செய்கிறவர் அறிவிக்க வேண்டும். அதனால் "கையால் வரைந்ததுதானா, காட்டு" என்று கேட்கிறார்கள். காட்டுவதற்கு நம்மிடம் இருக்க வேண்டும்.

மின்னஞ்சலைத் தெரிகிற இடத்தில் போடுங்கள். மறந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அதில் நானும் ஒருவன்.

பெயர்ப்பலகை வேலை

ஸ்டீமில் ஒரு கேமை வெளியிடுகிறவருக்கு அட்டைப்படம் பல அளவில் வேண்டும். வாங்கியவரின் கேம் நூலகத்தில் நிற்பது 600-க்கு 900 பிக்சல், சின்னது 462-க்கு 174. அந்தச் சின்னதும் தேடல் பட்டியலில் கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் தெரியும். அதில் கேமின் பெயரைப் படிக்க முடிய வேண்டும், என்ன மாதிரி கேம் என்றும் புரிய வேண்டும். இதற்கென்றே ஓவியர்களைத் தேடுகிறார்கள், பெரிய வேலையும் இல்லை. புதியவர்கள் இதைக் கவனிக்காமல் விடுவது எனக்கு ஆச்சரியம்.

என் சித்தப்பா மஞ்சக்குப்பத்தில் பெயர்ப்பலகை எழுதினவர். ஃப்ளெக்ஸ் வந்து அந்தத் தொழிலை முடித்து வைத்தது. ஒரு பலகையை எழுதி முடித்ததும் ரோட்டைத் தாண்டிப் போய் நின்று கண்ணை இடுக்கிப் பார்ப்பார். "டேய், பஸ்ல போறவன் படிக்கணும்டா. நின்னு ரசிக்கிறவனுக்கா எழுதறோம்?" என்பார். நான் இப்போது படத்தைப் பத்து சதவீதத்துக்குச் சுருக்கி, நாற்காலியைப் பின்னால் தள்ளி அதையேதான் செய்கிறேன். ஒரு உருவம், பின்னால் எதிர் வண்ணம், பெரிய எழுத்து. நான்கு உருவம் வைக்கச் சொல்லும் கிளையன்டுக்கு நான்கு உருவம் உள்ளதையும் ஒன்று உள்ளதையும் நகம் அளவில் காட்டினால் அவரே ஒன்றுக்கு வந்துவிடுவார்.

எவ்வளவு கேட்பது

"ஒரு படத்துக்கு என்ன ரேட்?" என்று கேட்டால் பதில் இல்லை, உங்கள் ஒரு நாளுக்கு என்ன ரேட் என்பதுதான் கேள்வி. மாதச் செலவு 24,000 ரூபாய் என்று வையுங்கள். மாதத்தில் காசு வருகிற வேலை நாள் 12 தான் இருக்கும். மிச்சம் தேடுவது, மெயில் எழுதுவது, கற்றுக்கொள்வது, சும்மா இருப்பது. அப்படியானால் ஒரு நாள் 2,000. இருபது ஐகான் கேட்கிறார், நாளுக்கு ஐந்து வரைவீர்கள் என்றால் நான்கு நாள், கரெக்‌ஷனுக்கு ஒரு நாள். ஐந்து நாள், 10,000 ரூபாய், ஐகானுக்கு 500. இதற்குக் கீழே ஒப்புக்கொண்டால் நம் பையிலிருந்து அவருக்கு நாமே கொடுக்கிறோம்.

பாதி முன்பணம் இல்லாமல் பேனாவைத் தொடாதீர்கள். கரெக்‌ஷன் இரண்டு முறை, மூன்றாவதுக்குக் காசு. ஸ்கெட்சில் மாற்றுவது சுலபம், வண்ணம் வைத்த பிறகு மாற்றச் சொன்னால் அது புது வேலை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். "நீங்க ஆசைப்பட்டு வரையறதுதானே, நாலு பேருக்குத் தெரியுமே" என்பவரிடம் சிரித்துவிட்டு வந்துவிடலாம்.

ஒரே கிளையன்டை நம்பியும் இருக்காதீர்கள். 2025 ஆகஸ்டில் காசு வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்குத் தடைச் சட்டம் வந்தது. ரம்மி ஆப்புக்குச் சீட்டும் மேசையும் வரைந்துகொண்டிருந்த எனக்குத் தெரிந்த இருவருக்கு அந்த மாதத்தோடு வேலை நின்றது.

எழுத்தில் வாங்குங்கள்

ஒரு பதிப்பகத்துக்கு, பெயர் வேண்டாம், பதினாறு படம் வரைந்தேன். பேசிய காசு வந்தது, குறை இல்லை. ஒரு வருடம் கழித்து ஸ்டேஷனரி கடையில் நோட்டு அட்டையில் என் யானை. காதில் இருந்த கிழிசல்கூட நான் போட்டதுதான். போன் செய்தால், "காசு குடுத்து வாங்கினதுதானே" என்றார்கள்.

வழக்கறிஞராக இருக்கும் உறவினர் சட்டத்தை எடுத்துக் காட்டினார். 1957 பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17. பொதுவாகப் படைத்தவருக்குத்தான் முதல் உரிமை. ஆனால் ஒருவர் கேட்டுக்கொண்டு, காசும் கொடுத்து வரையவைத்த ஓவியத்துக்கோ உருவப்படத்துக்கோ, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர். "வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால்" என்ற அந்தத் துண்டுதான் நமக்கு முக்கியம். ஒப்பந்தத்தை நாம் எழுதவேண்டும். அடுத்து பிரிவு 19. உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் சொல்லாவிட்டால் ஐந்து வருடம் என்றும், இடம் சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் எடுத்துக்கொள்ளப்படும்.

பத்துப் பக்கம் வேண்டாம், ஒரு பக்கம் போதும். என்ன வரைகிறோம், எத்தனை, எந்தத் தேதி, எவ்வளவு காசு எப்போது, எத்தனை கரெக்‌ஷன், எங்கெல்லாம் பயன்படுத்தலாம், லேயர் ஃபைல் சேர்த்தா இல்லையா, நடுவில் நிறுத்தினால் என்ன, போர்ட்ஃபோலியோவில் போடலாமா. கேம் வேலையில் பெரும்பாலும் முழு உரிமையும் கேட்பார்கள், கொடுக்கலாம், அதற்கேற்ற விலையில். போர்ட்ஃபோலியோ வரியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கேம் வெளிவர மூன்று வருடம் ஆகலாம், அதுவரை காட்ட எதுவும் இல்லாமல் நிற்பீர்கள். வெளிவந்த பிறகு காட்டலாம் என்று எழுதினால் அவர்களுக்கும் சரி, நமக்கும் சரி. பேசியதையெல்லாம் இரவே ஒரு மெயிலாக அனுப்பி, "சரிதானே?" என்று கேட்டுப் பதில் வாங்கிவிடுங்கள்.

காசு கைக்கு வருவது

பான் கார்டு, வங்கிக் கணக்கு, எண் போட்ட இன்வாய்ஸ். இந்திய நிறுவனங்கள் பெரும்பாலும் 10 சதவீதத்தை டிடிஎஸ் என்று வரிக்காக முன்கூட்டியே பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். அது போனதல்ல, வருமானவரிக் கணக்கு தாக்கல் செய்தால் வரி போக மிச்சம் திரும்பி வரும். தாக்கல் செய்யாமல் விட்டால்தான் போனது. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும் நல்ல காலம் வந்தால் ஜிஎஸ்டி பற்றி ஆடிட்டரைக் கேளுங்கள்.

வெளிநாட்டுக் காசு பேபால் என்ற இணையப் பணச் சேவை வழியாகவோ நேராக வங்கிக்கோ வரும். ஒவ்வொரு முறையும் அந்நியச் செலாவணி வந்ததற்கான சான்றைக் கேட்டு வாங்கி ஒரே ஃபோல்டரில் போடுங்கள். பேபால் பிடிக்கும் கழிவும், டாலரை ரூபாயாக்கும்போது போகிற காசும் சேர்ந்து உறுத்தும் அளவுக்கு இருக்கும். அதையும் விலையில் சேர்த்துச் சொல்லுங்கள். அமெரிக்கக் கிளையன்ட் வரிப் படிவம் ஒன்று அனுப்பினால் பயப்பட வேண்டாம், நாம் அந்த ஊர்க்காரர் இல்லை என்று எழுதிக்கொடுப்பதுதான் அது.

வரும்படி குறைவாக இருக்கும் வருடத்திலும் கணக்கு தாக்கல் செய்யுங்கள். நான் பைக் கடனுக்குப் போனபோது வங்கியில் சம்பளச் சீட்டு கேட்டார்கள். இல்லை என்றேன். "வீட்ல இருந்து என்ன சார் பண்றீங்க?" என்றார் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர். கேமுக்குப் படம் வரைகிறேன் என்றதும் ஃபோனை எடுத்துத் தன் பையன் ஆடும் கேமைக் காட்டி, இதிலா என்று கேட்டார். இதில் இல்லை என்றேன். மூன்று வருட வரித் தாக்கலை மேசையில் வைத்த பிறகு வேறு எதுவும் கேட்கவில்லை, கையெழுத்துப் போட இடம் காட்டினார்.